மாவு மூட்டையில் நீலக்கறை

"எவன்டா மூட்டையில மையை ஊத்துனது?"

சரக்குக் கிட்டங்கி வாசலில் எங்கள் மேஸ்திரி, மண்டோர் மாரிமுத்து, சத்தம் போட்டார். வெள்ளைத் துணி மாவு மூட்டை. அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக்கறை. அது மை இல்லை, என் தலைச்சாயம்.

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து எனக்கு அப்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தினமும் காலையில் மண்டோர் எங்களை வரிசையில் நிறுத்தி அன்றைக்கு வேண்டிய ஆளை எடுப்பார். தோளைப் பார்க்க மாட்டார், தலையைத்தான் பார்ப்பார். நரை தெரிந்தால், "நீ ஓரமா நில்லு லா." அந்த மாசத்தில் ஆறு நாள் ஓரமாக நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். எனக்கு வயசு நாற்பத்து நாலுதான், வீட்டில் மூன்று பிள்ளைகள். எரிச்சலாக வந்தது.

என் வீட்டுக்காரி லூர்து சொன்னாள்: "தோளா நரைச்சுது? தலைதானே. அதுக்கு வழி இருக்கு."

ராவுத்தர் கடையில் மருதாணிப் பொடியும் நீலச்சாயம் விடுகிற அவுரிப் பொடியும் வாங்கினேன். ராவுத்தர் மெதுவான குரலில் சொன்னார்: "முதல்ல மருதாணி. அலசினா தலை செம்பட்டையா இருக்கும், பயந்துடாதீங்க. அதுக்கு மேல அவுரி. அதைக் கொழைச்ச கையோட பூசிடணும், வச்சிருந்தா வீணாப் போயிடும். கடைசியில தண்ணி தெளியற வரைக்கும் அலசணும். ஆறு குடமாவது வேணும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ராவுத்தரே."

"நான் ஏன் சொல்றேன்?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து பூசினோம். எல்லாம் அவர் சொன்னபடியே. அலசும்போதுதான் கோட்டை விட்டோம். வீட்டில் இருந்தது இரண்டே குடம். தெருக் குழாயில் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"இன்னும் நாலு குடம் எடுத்தா எதுக்குன்னு தோண்டித் துருவுவாளுங்களே," என்றாள் லூர்து.

"வேண்டாம், இது போதும்," என்றேன். மானம் பெரிசாகப் பட்டது.

மறுநாள் மண்டோர் என் தலையைப் பார்த்து உள்ளே போகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உச்சி வெயிலில் வேர்வை ஊற்றியது. தலையில் இருந்த சும்மாட்டுத் துணி நனைந்து, சாயம் அதன் வழியாக மூட்டையில் இறங்கிவிட்டது.

"எல்லாரும் சும்மாட்டைக் கழட்டுங்கடா!" என்றார் மண்டோர்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. முன்னால் போய், "என் தலைதான் மண்டோரே," என்று என் துணியைக் காட்டினேன். இன்றோடு வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினேன். அந்தோணி கையில் இருந்த துணியும் நீலம். பத்து வருஷமாக என்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவன்! அவனுக்குப் பக்கத்தில் பெருமாள், அவன் துணியும் நீலம். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர். எல்லாம் ஒரே ராவுத்தர் கடைச் சரக்கு, மனுஷன் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

மண்டோர் எங்களை விரல் விட்டு எண்ணினார். ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினால் கப்பல் சரக்கு அன்றைக்கு இறங்கி முடியாது.

"கறை அடியில போற மாதிரி அடுக்குங்க," என்றார் கணக்கெழுதும் கிராணியிடம். பிறகு எங்களிடம்: "கெழவனை எடுக்காதேன்னு தொரை என் உசிரை எடுக்கிறான். அவன் கண்ணுக்குக் கறுப்பாத் தெரிஞ்சாப் போதும், மூட்டைக்குத் தெரிய வேண்டாம். ஒழுங்கா அலசித் தொலைங்க லா!"

சாயம் போட நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பொடி நல்ல பொடிதான். ஐந்து பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒளித்ததால்தான் ஐந்து வீட்டிலும் தண்ணீர் பற்றவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருத்தர் என்று முறை வைத்துச் சாயம் போட்டோம்; ஐந்து வீட்டுக் குடமும் எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். என் தலைக்கு அந்தோணி ஊற்றுவான், அவன் தலைக்கு நான். தண்ணீர் தெளிந்து ஓடும்வரை ஊற்றுவோம்.