சும்மா விட்ட விரல்

வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். லிங்கநகர் வீட்டில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் இருந்தபடியே செய்வதால், அப்பாவுக்கு அது தொழிலாகவே படவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனிதர். "சும்மா இருக்கிறதுக்கும் ஆரடா சம்பளம் தாறாங்கள்?" என்று ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டி ஏசுவார்.

அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எங்கே நகர்ந்தது என்று தேடித்தான் கணினி களைத்துப்போகும். பெரிதாக மாறாத கட்டத்தில் தேடவே வேண்டாம், முந்திய படத்தில் இருந்ததையே போட்டுவிடு என்று நான் ஒரு விதி எழுதினேன். அதற்குச் 'சும்மா' என்றே பெயரும் வைத்தேன். உள்துறைமுகத்தின் அசையாத தண்ணீரைப் படம்பிடித்துச் சோதித்தபோது, என் பழைய மடிக்கணினிக்குச் சூடுகூட ஏறவில்லை. என் சோம்பலை இயந்திரத்துக்கும் பழக்கிவிட்ட பெருமையில் ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு நின்றது, வலப்பக்கம் விழுந்துவிட்டது. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு விசாச் சிக்கல், வர வழியில்லை. மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் அவருடைய வலக்கை விரல் ஒன்று லேசாக அசைந்தது. துள்ளிக் குதித்து அக்காவை வீடியோவில் அழைத்தேன், அதுவும் என் மென்பொருளிலேயே.

"வடிவாப் பாருங்கோ அக்கா, இப்ப அசையுது!"

"எங்கையடா? அப்பா படம் மாதிரிக் கிடக்கிறார். என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லாதை." அவள் அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிறிய அசைவை மாற்றமே இல்லை என்று என் விதி தள்ளிவிட்டு, முந்திய படத்தின் அசையாத விரலையே லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று கிழமை பாடுபட்டு அப்பா அசைத்த விரலுக்கு நான் வைத்த பெயர் 'சும்மா'.

விதியை நிறுத்தினேன். மடிக்கணினி பாரம் ஏற்றிய லொறி மாதிரி இரைந்தது, படம் தத்தித் தத்திப் போனது. ஆனாலும் விரல் போய்ச் சேர்ந்தது. அக்கா அழுகையோடு சிரித்தாள்.

"டேய், அது ஆள்காட்டி விரலெல்லோ! உனக்குத்தானடா ஏசுறார்!"

திரும்பிப் பார்த்தேன். கதிரையில் இருந்த என்னை நோக்கித்தான் அது ஆடிக்கொண்டிருந்தது.