பிரேக் பழகும் வரை

விதைப்பு நேரத்திலிருந்தே எங்கள் ஜீப்பின் முன்சக்கரம் கத்திக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். களையெடுப்பு தொடங்கியபோது அது கரகரவென்று ஆகிவிட்டது. அம்மியில் மணலைப் போட்டு அரைத்தால் அப்படித்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் களையெடுக்கிற பொம்பளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓட்டிக்கொண்டு வருவார்.

அது நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. கோவில்பட்டியில் நூல் மில்லில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வெளியே வந்தபோது வாங்கினார். மழை பெய்துவிட்டால் பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் பாதையில் வேறு எந்த வண்டியும் நகராது. டயரைச் சுற்றி மண் அப்பி அப்பி, சக்கரமே தெரியாமல் போய்விடும். எங்கள் ஜீப் மட்டும் உறுமிக்கொண்டு போய்ப் பொம்பளைகளைப் பருத்திக்காட்டில் இறக்கிவிட்டு வரும். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. இன்னொரு பெருமையும் உண்டு. பானட்டில் காதை வைத்தால் எந்தச் சாமான் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பக்கத்து ஊர் டிராக்டரையெல்லாம் ஒருகாலத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுசருக்கு இந்தச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? வேண்டுமென்றேதான் இருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வண்டியில் நான் எது சொன்னாலும் பதில் இருக்காது. அதே மனுசர் வீட்டில் சோறு போடும்போது எதிரே நின்று கேட்டால் பட்டென்று பதில் சொல்வார்.

"ஏங்க, வண்டில ஏறினா மட்டும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கிய?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விட்டேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டணும்லாட்டி. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டா ஓட்ட முடியும்?" என்றார். நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஓடைப் பக்கம் ஒரு வளைவு. அந்தப் பக்கம் ஆட்டுமந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. மேய்க்கிறவர் கம்பை ஆட்டிக்கொண்டு, "ஏலே, நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நாங்களும் கத்தினோம். ஆடு கண்ணில் பட்ட பிறகுதான் இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சரளில் ஏறி நின்றது. ஒரு குட்டி பம்பருக்கு அடியிலிருந்து துள்ளி ஓடியது. கைப்பிள்ளையோடு வந்த ஒருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில், நான் சொல்லாமலே, "பாய்கிட்ட வண்டியக் காட்டிட்டு வாரேன்" என்று கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன். அவரைத் தனியே விட மனசு வரவில்லை.

பாய் கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இவருக்கு ரொம்ப காலத்துப் பழக்கம், என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கரிசல் மண் காய்ந்து செங்கல்லாய் இறுகிக் கிடந்தது. திருப்புளியால் குத்திக் குத்திப் பெயர்த்த பிறகுதான் பிரேக் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரிந்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு அது. இரண்டு பக்கமும் பிரேக் கட்டை வந்து கவ்வினால்தான் வண்டி நிற்கும். அந்தக் கட்டை முழுவதும் தேய்ந்துபோய், பின்னால் இருக்கிற தகடு இரும்போடு இரும்பாக உரசியிருக்கிறது. டிஸ்க் முழுக்க உழவு சால் மாதிரி கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் தேயாத விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன், விரலைக் கிழித்துவிட்டது.

"லேத்துல குடுத்துக் கடைஞ்சு வாங்குற நெலமையெல்லாம் தாண்டிட்டு. ஏற்கனவே மெலிஞ்சு கெடக்கு. ரெண்டு பக்கமும் புதுசுதான் போடணும்" என்றார் பாய். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணாச்சி, மாசக்கணக்கா கத்திருக்குமே. ஒங்க காதுக்கா கேக்கல?"

இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, சக்கரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. பாய் மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவரை உசுப்ப வேண்டுமென்றால் வண்டியை விற்கிற பேச்சை எடுத்தால் போதும், குதித்துவிடுவார்.

"இந்தச் சவத்த பழைய இரும்புக்குப் பேசி முடிச்சிட்டேன் பாய். நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவான்" என்றேன், நல்ல சத்தமாக.

இவர் அசையவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பாயின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இவர் எதற்கோ நிமிர்ந்தவர், "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி பாக்குதிய?" என்றார்.

கல்யாணமான புதிதில் இவர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மில்லுக்குள் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காதாம். எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம். நான் வாயை மட்டும் அசைக்க, என்ன சொன்னேன் என்று அவர் கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறார். இந்த மனுசர் இத்தனை நாளும் என் வாயைப் பார்த்துத்தான் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பின்னால் ஏறி வருகிற அத்தனை பொம்பளைகளும், அந்தக் கைப்பிள்ளையும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

பாய் வேலையைப் பார்த்தார். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்து அடைத்தார். துருப்பிடிக்காமல் இருக்கப் புது டிஸ்க்கில் தடவியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். மாட்டி முடித்ததும் இவருக்கு நேர் எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஒடனே ஓங்கி மிதிக்காதிய. கொஞ்ச தூரத்துக்கு மெதுவா மிதிச்சு மிதிச்சு விடுங்க. டிஸ்க்கும் கட்டையும் ஒண்ணோட ஒண்ணு பழகணும்."

"சின்னப் புள்ளைக்குச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதீரு" என்று சிரித்தார் இவர். பாய் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு இவரும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது பிரேக் கம்மென்றிருந்தது. பருத்திக்காட்டுப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தம் போயிட்டா?"

"போயிட்டு" என்றேன்.

ஸ்டியரிங்கைத் தடவினார். "எனக்குக் காதுக்குள்ள மில்லு ஓடிக்கிட்டே இருக்குட்டி. வேலைய விட்ட பெறவும் அது நிக்கல. மில்லுல கெடந்த எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பாளையங்கோட்டையில் காது டாக்டரைப் பார்ப்போம், மெஷின் வைத்தால் கேட்கும் என்றேன். "மெஷின் வச்சா மில்லும் சேந்துல்லா பெருசாக் கேக்கும்?" என்றார்.

மறுநாள் காலையில் பொம்பளைகள் சோற்றுத்தூக்கோடு வந்து நின்றார்கள். "பிரேக்கு இன்னும் பழகல. பஸ்ஸுல போங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். பிரேக் வீடு வந்து சேருவதற்குள்ளேயே பழகிவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராத்திரி ஈரத்தில் டிஸ்க் செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடக்கும். விடிந்ததும் தனியாகக் கம்மாக்கரை வரைக்கும் ஓட்டி, துருவைத் தேய்த்துப் போக்கிவிட்டுத் திரும்பி வந்து நிறுத்துவார். பிறகு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மண்ணைக் கிண்டுவார்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பொம்பளைகள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நின்றார்கள். அதில் ஒருத்தி இவருக்கு மதினி முறை, வாய்த்துடுக்கு அதிகம். "என்ன கொழுந்தனாரே, புதுப்பொண்ணுகூட மூணாம் நாளு பழகிருவா. ஒம்ம பிரேக்கு என்னடான்னா இன்னும் முறுக்கிக்கிட்டு நிக்கி!"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் முதுகைக் காட்டியபடி மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் சொல்லுகிற பொய் ஒன்றையும் என் வாழ்நாளில் நான் போட்டுடைக்காமல் விட்டதில்லை.

"இன்னும் பழகலக்கா. நாளாகும்னு பாய் சொல்லிருக்காரு" என்றேன்.

அவர்கள் போன பிறகுதான் இவர் திரும்பினார். ரோட்டில் அவர்கள் போவதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்டாவ?"

முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். "பிரேக்கு பழகிட்டான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.