பிளாஸ்டரில் எழுதிய ஏழு

பெரிய டாக்டர், எங்கள் சீனியர் சிஸ்டரின் யோசனையைத் திருடிக்கொண்டு அவரை வெளியே துரத்தியவர் நீங்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நம் ஆஸ்பத்திரியில் இப்போது ஒவ்வொரு சலைன் ஸ்டாண்டிலும் பச்சை அட்டை தொங்குகிறது. ஆண்டிபயாடிக் பெயர், ஆரம்பித்த தேதி, இன்று எத்தனையாவது நாள். கீழே உங்கள் படம். அந்த அட்டை வருவதற்கு முன்னால் அங்கே ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டர் இருந்தது. ஊசி நழுவாமல் கையில் ஒட்டுவோமே, அதேதான். சீனியர் சிஸ்டர் தினமும் காலையில் விரல் நீளம் கிழித்து, நீல மையில் நாளின் எண்ணை எழுதி ஸ்டாண்டில் ஒட்டுவார். ரவுண்ட்ஸில் நீங்கள் வந்து நின்றதும், "டாக்டர், இன்னிக்கு அஞ்சாவது நாள். தொடரணுமா?" என்பார். அவ்வளவுதான்.

நாங்கள் அவருக்குக் 'காலண்டர்' என்று பெயர் வைத்தோம். "காலண்டர் வந்துட்டாங்கடி, இன்னிக்கு கரிநாளான்னு கேளு" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அது அவர் காதில் விழுந்தது. "சிரிங்கடி. தேவயில்லாம போட்டுப் போட்டு, நெஜமா தேவப்படறப்ப இந்த மருந்து கேக்காம போவும். அப்ப யாரு சிரிக்கிறீங்கன்னு பாக்கறேன்" என்றார்.

வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். புண் சுத்தமாக இருந்தது. ஆண்டிபயாடிக் ஊசி போடுவது மட்டும் நிற்கவில்லை. கை நரம்பு வீங்கி, வயிற்றுப்போக்கும் தொடங்கிவிட்டது. ஸ்டாண்டில் இருந்த ஏழு என்னவென்று சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டர் மறைக்காமல் சொன்னார். நீங்கள் ரவுண்ட்ஸ் வந்ததும் அந்த விவசாயி வாயைத் திறந்தார்: "நாலு இட்லி துன்றேன், நடக்கறேன். ஏழு நாளா எதுக்குங்க இந்த ஊசி?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பிளாஸ்டரை உரித்து, கசக்கித் தரையில் போட்டீர்கள்.

"இங்க யாரு டாக்டர்? நீயா, நானா?"

"நீங்கதான் டாக்டர். அதனாலதான் உங்களக் கேக்கறேன்" என்றார் சிஸ்டர்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இவருக்குக் காய்ச்சல் இருந்துச்சில்ல?" சார்ட் என் கையில் இருந்தது. நான்தான் தினமும் பார்த்து எழுதியவள். ஒரு நாளும் காய்ச்சல் இல்லை. "லேசா இருந்துச்சு டாக்டர்" என்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெறுமனே பார்த்தார்.

அன்று மதியமே சிஸ்டரைச் சலவைத் துணி அறை வேலைக்கு மாற்றினீர்கள். அவர் மூட்டைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். கதவு திறந்தே இருக்கும். என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பல நாள் அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே போகவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டார். ரொம்பத் தாமதமாக மூலக்குளத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது.

இப்போது ரவுண்ட்ஸில் நான் கேட்கிறேன், "எத்தனையாவது நாள், தொடரணுமா?" என்று. அட்டை தொங்கினாலும் அப்படிக் கேட்பது யாருக்கும் பிடிக்கவில்லை; சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த அறையில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

போன வாரம் ஆஸ்பத்திரி விழாவில் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது என்னுடைய யோசனை" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று தரையிலிருந்து நான் பொறுக்கிய பிளாஸ்டர் என் அடையாள அட்டை உறைக்குள் இருந்தது. மை வெளுத்துவிட்டது. ஏழு இன்னும் தெரிகிறது.

எல்லோரும் படிக்கப்போகும் இந்தக் கடிதத்தில் என் பங்கை ஊரறியச் சொல்லிவிட்டேன்: அந்த விவசாயிக்குக் காய்ச்சல் இல்லை, நான் பொய் சொன்னேன். உங்கள் பங்கு பாக்கி. அதே மேடையில், அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் டாக்டர்: முதல் எண்ணை எழுதியது யார்? அவரை ஏன் அனுப்பினீர்கள்?