பாசலுக்குப் போன சுவரொட்டி

அச்சு மையின் வாடை எங்கே அடித்தாலும் இன்றும் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த ரெகுலா "அன்ரி" கதவைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அந்த வாடைதான். அவர் சுவிஸ்காரி. பாசலுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் பழகி, பிறகு வரைகலை படித்து, மருந்துப் பெட்டிகளுக்கும் பியர் போத்தல்களுக்கும் படம் வரைந்து பேர் எடுத்தவர், ஐம்பது வயதில், கணினி வந்த கையோடு வேலையை இழந்து, இரண்டு வருடமாக யாரும் கூப்பிடாமல் இருந்தார்.

அதனால், எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் விழாவுக்கு ஒரு "பிளகாட்", அதாவது சுவரொட்டி, வரைந்து தருவீர்களா என்று அப்பா கேட்டபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அப்பா "தமிழ் விழா" என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொரு வயதான என்னைக் கீழே அனுப்பினார்.

"எழுத்துச் சரியோ எண்டு பக்கத்திலை நிண்டு பார்த்துச் சொல்லு. அவவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்தானே."

எனக்கும் சரியாகத் தெரியாது. ஓம் என்றேன்.

தேவையில்லாத கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அன்ரி படித்த படிப்பு. ழகரத்தின் அடியில் சுழிந்த வாலைப் பென்சிலால் தொட்டு, "இது வேண்டுமா, எடுத்துவிடலாமா?" என்று ஜெர்மனில் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, எடுக்கலாம் என்றேன். அடுத்த சனிக்கிழமை சொல்வதெழுதலில் அந்த எழுத்தை எழுதும்போதுதான், வால் போனால் அது மகரமாகிவிடும் என்பது உறைத்தது. அச்சாக இன்னும் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், இருந்தது. வருடந்தோறும் பாசலில் நடக்கும் சுவரொட்டிக் கண்காட்சிக்கும் ஒரு தாளை அச்சகத்திலிருந்தே அனுப்பப் போவதாக அன்ரி சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தபோதெல்லாம் அச்சகமோ என்று ஓடிப்போய் எடுத்தேன், ஆனாலும் பிழையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அச்சான சுவரொட்டிக் கட்டு வந்த அன்று அப்பா உரக்க வாசித்தார்: "தமிம் விமா." பிறகு என்னைப் பார்த்தார். "நீ பார்த்தனியோ, பிள்ளை?"

பிழை என்னவென்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்ரி, ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவளிடம் கோபிக்காதீர்கள். யாரையும் கேட்காமல் நான்தான் வெட்டினேன்" என்றார்.

இரண்டு பின்னேரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் வால் வரைந்தார். மூன்றாம் நாள் பாசலிலிருந்து கடிதம் வந்தது: சுவரொட்டி தெரிவாகியிருந்தது. அங்கே யாருக்கு விளங்கப் போகிறது, விட்டுவிடுங்கள் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அன்ரியோ, "பாசலிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொல்லி, எங்கள் முன்னாலேயே தொலைபேசியை எடுத்து, எனக்குப் பாதிதான் விளங்கிய சுவிஸ் ஜெர்மனில், அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ரிசீவரை வைத்த பிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதன்பின் அவருக்கு வரைகிற வேலை எதுவும் வரவில்லை. ஒரு காகிதக் கடையில் வேலைக்கு நின்றார். எனக்குப் பதினைந்து வயதானபோது பாசலுக்கே போய்விட்டார். அச்சாகும் முன்பே பிழை எனக்குத் தெரிந்திருந்ததை, வழியனுப்பப் போன ரயில் நிலையத்திலும் நான் சொல்லவில்லை.

அந்த வீட்டை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள். பள்ளி அறிவித்தல்கள் கைபேசிக்கு வருகின்றன. போன மாதம், அந்த ஒரு கிழமையைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி அன்ரியின் பழைய முகவரிக்கு அனுப்பினேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. பிரிக்காத அந்த உறையை இன்று காலை அப்பாவின் முன்னால் வைத்திருக்கிறேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.