மொக்கச்சாமியின் பாய்மரம்

குரங்கணி மலைச்சரிவில் பெருமரம் இறக்கும் கோட்டைச்சாமிக்குக் கன்னையனைக் கண்டாலே ஆகாது. போடியில் மரக்குத்தகை எடுத்திருந்த கன்னையன் மழைக்கால விடியலொன்றில் அவசரப்படுத்தியதால்தான், கோட்டைச்சாமியின் தந்தை மொக்கச்சாமி உருண்டுவந்த புன்னைமரத்தடியில் நசுங்கிச் செத்தார். அந்த மரம் தூத்துக்குடிக்குப் போய் ஒரு கப்பலுக்குப் பாய்மரமாயிற்று.

கப்பல் முதுமையடைந்ததும் உரிமையாளர்கள் அதைக் கரையேற்றி, நங்கூரம், திசைகாட்டியெல்லாம் பரப்பிக் காட்சிசாலை ஆக்கினார்கள். கோட்டைச்சாமி ஒருமுறை போய்ப் பார்த்தார். "ரங்கூன் தேக்கு" என்று பாய்மரத்தைத் தட்டிக் காட்டினான் காவலாள். அன்று மூண்ட சினம் ஆறவே இல்லை.

1913இல் வீசிய புயலில் அந்தப் பாய்மரம் முறிந்தது. மாற்றுமரம் கேட்டுக் கன்னையனிடம் ஆள் வந்தது. கன்னையன் கோட்டைச்சாமியிடம் வந்தார். பெருமரம் இறக்க அவரை விட்டால் வேறு ஆளில்லை. வெட்டிய மரத்தைச் சரிவில் இறக்க, நிற்கும் மரமொன்றில் வடத்தைச் சுற்றிக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வடம் வழுக்கும். எத்தனை சுற்று என்பதை வடம்பிடிப்பவரே சொல்வார். அவர் சொல்லாமல் மற்றவர்கள் கை வைப்பதில்லை.

புதிய புன்னை சரிவின் விளிம்பில் கிடந்தது. மரத்தைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டையோடு கூலியாள் பால்சாமி கீழே போய்விட்டான். கோட்டைச்சாமியோ வடத்தைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பாய்மரத்து அடியில எங்கய்யா பேரச் செதுக்கணும். சம்மதம்னா சுத்துறேன்."

"செத்தவன் பேர வெட்டுனாத்தான் கப்பலு மிதக்குமோ?" என்றார் கன்னையன்.

"அது எங்கிட்டு மிதக்குது மொதலாளி? மண்ணுலதான கெடக்கு! ஒத்தப் பேருல ஒமக்கென்ன கொறஞ்சிரும்?"

"எப்படிச் செத்தான்னு பாக்குறவனெல்லாம் கேப்பான்டா!"

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

கன்னையன் வடத்தைப் பறித்தார். "வெரசா வாங்கடா!" ஒருவரும் அசையவில்லை. உடன் வந்த மைத்துனர்களோடு அவரே வடத்தைச் சுற்றினார். சாரலில் பட்டை கறுத்து நனைந்திருந்தது. இரண்டே சுற்றோடு நிறுத்திக்கொண்டார். கோட்டைச்சாமி அதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கன்னையன் தலையில் இன்னொரு சாவின் பழி விழும்.

"பால்சாமீ! மேட்டுல ஏறுடா! வடம் நிக்காது!"

பால்சாமி பாறைமேல் தாவினான். வடம் வழுக்கியது. புன்னை உருண்டோடி ஓடைப்பாறையில் மோதி நெடுக்கப் பிளந்தது.

"சாபம் விட்டுட்டியேடா, பாவி!"

"சாபமா? அன்னைக்கு எங்கய்யாவுக்கு இப்படிக் கத்த ஒரு நாதியில்ல மொதலாளி."

மறு ஆண்டும் கன்னையன் மலையேறி வந்தார்.

"பேரு?" என்றார் கோட்டைச்சாமி, வடத்தைத் தொடாமல்.

கன்னையன் வந்த வழியே இறங்கினார். கப்பல் மொட்டையாகவே நின்றது.