மே மாதத்தில் மூட்டிய அடுப்பு

மல்லாங்கிணற்றில் எங்களுக்கு மளிகைக் கடை. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் காலை வழிபாட்டின்போது பிள்ளைகள் பசியில் மயங்கி விழுவதாகக் கேள்விப்பட்டு, என் கணவர் தினமும் இட்லி அனுப்ப ஏற்பாடு செய்தார். மற்ற கடைக்காரர்களும் பிறந்தநாள், கல்யாண நாள் என்று செலவை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் வந்து போட்டோ எடுத்து முடிக்கும்வரை பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கும்.

பிறகு அரசாங்கமே பள்ளிகளில் காலை உணவு போடத் தொடங்கியது. எங்கள் இட்லி நின்றது. இவர் முகம் வாடிவிட்டது.

“மனசாரக் குடுக்குறதும் வரிப்பணத்துல போடுறதும் ஒண்ணாயிருமா?” என்று வீட்டில் புலம்புவார்.

“வயித்துக்கு ரெண்டும் ஒண்ணுதானங்க” என்பேன்.

அந்தப் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்தவள், அதுவரை பருத்தி எடுக்கும் கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் மகளும் எங்கள் இட்லியைச் சாப்பிட்டவள்தான். ஒருநாள் கடைக்கு வந்தவளிடம் இவர், “ஏம்மா, எங்க சாப்பாடு மாதிரி வருமா?” என்று கேட்டார்.

“ஒங்க இட்லி பூப்போல இருக்கும் அண்ணாச்சி. ஆனா ஒங்க அய்யா எறந்தப்ப, காரியம் முடியுற வரைக்கும் இட்லி வண்டி வரல. எம்புள்ள ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. ஏன் வரலன்னு ஒங்ககிட்ட வந்து கேக்க முடியுமா? இப்ப உப்புமா வேகலன்னா புள்ளைகளே என்னயச் சண்டைக்கு இழுக்குதுக.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவர் பருப்பை நிறுத்துக் கொடுத்தார்.

மே மாதம் பள்ளிக்கு விடுமுறை, சாப்பாடும் நின்றது. அவளே கடைக்கு வந்தாள்.

“லீவு பள்ளிக்கூடத்துக்குத்தான அண்ணாச்சி, வயித்துக்கா? இப்பப் போடுங்க, நான் சமைக்கேன். ஆனா கூலி குடுக்கணும். போட்டோ எடுக்கக் கூடாது.”

“தர்மத்துக்குக் கூலியா?”

“ஒங்களுக்குத் தர்மம். எனக்கு வேல.”

இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவள் ஊர் மடத்தில் அடுப்பு மூட்டினோம். நானும் போய்ப் பரிமாறினேன். பிள்ளைகளோடு, மகன்கள் வெளியூருக்குப் பிழைக்கப் போய்விட வீட்டில் தனியாகக் கிடந்த கிழவர்களும் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களும் பசியோடு இருப்பது அன்றுவரை எங்கள் யாருக்கும் உறைத்ததில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் மடத்தில் போட்ட இட்லியை நிறுத்தினோம். “அந்தப் பெருசுக என்ன செய்வாக?” என்றார் இவர். அவர்களுக்கு மட்டும் மதியம் கஞ்சி காய்ச்ச நான் அரிசி அளந்து வைத்தேன்.

இதையெல்லாம் அரசாங்கம்தான் செய்யவேண்டும் என்று இன்றும் இவரோடு வாதாடுகிறேன். ஆனாலும் அந்தக் கிழவர்களுக்கான மதியக் கஞ்சி மட்டும் நிற்கவில்லை. பள்ளி வேலை முடிந்ததும் அவள்தான் வந்து காய்ச்சுகிறாள்.