மீனுக்குள்ள மரியாதை

லா ஷப்பல் பகுதியில் உறைமீன் விற்கும் தமிழ்க்கடைக்குள் ஓடி நுழைகிறேன். கையுறையை மெட்ரோவிலேயே விட்டுவிட்டேன். குளிரில் விரல் நுனிகள் மெழுகாக வெளுத்துவிட்டன, கிள்ளினாலும் தெரியவில்லை.

“நல்லாத் தேய்ச்சுப்போட்டு உந்த ஹீட்டரிலை வையுங்கோ தம்பி,” என்கிறார் கடைக்கார அண்ணை.

“மரத்த விரல் வெந்தாக்கூட எனக்குத் தெரியாதேண்ணே.”

“வெந்தாத்தான் குளிர் போகும்.”

கல்லாய் உறைந்த பாரை மீனோடு ஒரு பெண் வந்து, “சுடுதண்ணியிலை போடலாமோ அண்ணை?” என்று கேட்கிறாள்.

அவர் பதறிப்போகிறார். “ஐயோ, சதை பழுதாப்போம்! ஆறுதலா, மெல்ல மெல்ல இளக விடுங்கோ.”

நான் கையை நீட்டுகிறேன். “அண்ணே, இதையும் மீனுன்னே நெனச்சுக்கங்க. வெதுவெதுன்னு ஒரு கிண்ணம் தண்ணி போதும்.”

முகத்தைச் சுளித்தபடியே கிண்ணத்தை வைக்கிறார். “தம்பி, அது காசு குடுத்து வாங்கின மீனெல்லோ!”